மார்கழி 31 இரவு கொழும்பில்: யாழ்ப்பாணத்திலிருந்து சிநேகிதரோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கார்த்திகை மழை தொடங்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி மழையும் தொடங்கிவிடும். "அண்ணை, இந்த முறை 31க்குக் கொழும்புக்குப் போறம். எங்க நிக்கிறது? எப்பிடித் திரும்பிறது?" கேட்கிறவர்கள் தம்பியின் சிநேகிதர்கள், இப்போது அவர்களுடைய தம்பிமார். நாங்கள் ஏழு பேர், ஒரே ரியூசன் கொட்டிலில் உயர்தரம் படித்தவர்கள். நாலு பேருக்குக் கொழும்பில் வேலை, மூன்று பேர் ஊரில். பல வருடமாக 31 இரவை அங்கே சேர்ந்துதான் கழிக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

மார்கழி 31 என்றால் எந்த நாள்? பஞ்சாங்க மார்கழியா?

இந்தியாவிலிருந்து ஒரு நண்பர் உண்மையாகவே கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் டிசம்பர் முழுக்க மார்கழி, ஜனவரி முழுக்க தை. பஞ்சாங்க மார்கழி டிசம்பர் நடுவில்தான் பிறக்கும். ஆகவே எங்களுக்கு முதலாம் திகதி ஒரு தை பிறக்கும், இரண்டு கிழமை கழித்துப் பொங்கலுக்கு இன்னொரு தை பிறக்கும். ஒருவரும் குழம்பியதில்லை.

ஏன் கொழும்பு? யாழ்ப்பாணத்தில் கொண்டாட ஏலாதோ?

தாராளமாக ஏலும். தேவாலயங்களில் நள்ளிரவு ஆராதனை நடக்கும், விடியற்காலையில் நல்லூரில் சனம் நிற்கும், ஒழுங்கை முழுக்க வெடிச் சத்தம் கேட்கும். ஆனால் 31 இரவு என்பது சிநேகிதர்களுடைய இரவு. ஊரில் அது வீட்டோடு போய்விடும். பத்து மணிக்கு அம்மா "எங்க நிக்கிறாய்?" என்று எடுப்பா, பத்தரைக்கு அப்பா கேற்றடியில் நிற்பார்.

இன்னொன்று மழை. வடகீழ்ப் பருவமழை டிசம்பர் கடைசிவரை எங்கள் பக்கம் கொட்டும். கொழும்பு அந்த நாட்களில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒரு வருடம் பண்ணைப் பாலத்தடியில் மூன்று பேர் ஒரே குடைக்குள் நின்று புதுவருடத்தை வரவேற்றோம். அதோடுதான் தெற்கே போகிற யோசனை வந்தது.

ஜனவரி 1 லீவுதானே?

இல்லை. எல்லாரும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இலங்கையின் பொது விடுமுறைப் பட்டியலில் ஜனவரி 1 கிடையாது. அரச அலுவலகங்களில் அன்று காலை கொடியேற்றி, உத்தியோகத்தர்கள் உறுதிமொழி எடுத்துத்தான் அந்த வருட வேலையையே தொடங்குகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறாள். அவள் 31 இரவு கொழும்பில் நின்றால் 1ஆம் திகதி உறுதிமொழிக்கு நிற்க முடியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். லீவை நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 30ஆம் திகதி திடீரென்று வருகிற காய்ச்சலை எந்த மேலதிகாரியும் நம்புவதில்லை.

எப்படிப் போவது: ரயிலா, பஸ்ஸா, வானா?

தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எதில் ஏறினாலும் எட்டு மணித்தியாலத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

என் தெரிவு ரயில். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது, 1990இல் யுத்தத்தால் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் திரும்பவும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 24 வருடம். எங்கள் வயதுக்காரர் பலர் ரயிலை முதன்முதலாகப் பார்த்ததே பெரிய பெடியளான பிறகு. என் அப்பாவுக்கு யாழ்தேவி என்றால் இளமைக்காலம், எனக்கு அது பள்ளிக்கூடம் முடித்த பிறகு வந்த புதுப் பொருள். முதல் பயணத்தில் ஆனையிறவு வரும்போது பெட்டி முழுக்க ஒரு பக்க யன்னலுக்குச் சாய்ந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்னரே திறக்கும். கிறிஸ்மஸ், பள்ளிக்கூட விடுமுறை, 31 மூன்றும் ஒன்றாக வருவதால் திறந்த அன்றைக்கே முடிந்துவிடும். பயணிப்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு பதியுங்கள், அட்டையையும் கையில் வைத்திருங்கள். வெள்ளமும் திருத்த வேலையும் வடக்குப் பாதையை அடிக்கடி மூடும். 2023இல் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. ஆகவே புறப்பட ஒரு கிழமைக்கு முன் நிலையத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

பஸ் என்றால் இரவுச் சேவை. மாலையில் யாழ்ப்பாணத்தில் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கிவிடும். காலி நகருக்குப் போகிற காலி வீதியில் இருட்டோடு இருட்டாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் இடியப்பம் அவிகிற வாசம் வரும். நாங்கள் கொழும்புக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு முதலில் சொல்வது அதுதான்.

வான் பிடித்தால் செலவைப் பங்கிடலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம். ஒரே நிபந்தனை: சாரதி உங்கள் கொண்டாட்டத்தில் சேரக்கூடாது, 31 பகல் முழுக்க அவர் படுத்து எழும்ப ஒரு இடம் கொடுக்கவேண்டும். றோட்டால் போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்துவிட்டு, அங்கே விற்கிற வறுத்த கச்சானில் (நிலக்கடலை) ஒரு பெரிய பை வாங்கிப் போடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கே தங்குவது?

வெள்ளவத்தை. இரண்டாவது தெரிவு பம்பலப்பிட்டி. கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் இருந்தால் அதுவும் நல்லது, காலிமுகத்திடலுக்குக் கிட்ட. வெள்ளவத்தையில் தமிழ் கதைத்தே காலத்தை ஓட்டலாம், பசித்தால் பிட்டு கிடைக்கும், கடற்கரை நடை தூரம்.

அறை எடுப்பதென்றால் எல்லாருடைய அடையாள அட்டையும் வேண்டும். முற்பணம் கட்டிய ரசீதை எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை நாங்கள் தொலைபேசியில் மட்டும் பேசி, முற்பணமும் அனுப்பி, 31 மத்தியானம் போய் நிற்கிறோம். "தம்பி, உங்கட அறை வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு, வெளிநாட்டுக்காரர், இரண்டு மடங்கு தாறம் எண்டவை." அந்த மனிசன் அதை மறைக்கக்கூட இல்லை. அன்றிரவு பெடியள் நாங்கள் ஐந்து பேரும் எங்கள் கூட்டத்து மானிப்பாய்க்காரனின் ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்தோம். முற்பணம் வந்து சேரப் பங்குனி ஆனது.

சிநேகிதனின் தொடர்மாடி வீடு என்றால் செலவில்லை, ஆனால் முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லவேண்டும்: வீட்டுக்காரரிடமும் கீழே இருக்கிற காவலாளியிடமும். காவலாளிக்கு ஒரு கேக் பெட்டி கொடுத்தால் இரவு இரண்டு மணிக்குக் கேற் திறக்கும். கொடுக்காவிட்டாலும் திறக்கும், ஆனால் அரை மணித்தியாலம் கழித்து.

நள்ளிரவுக்கு எங்கே நிற்பது நல்லது?

இரண்டு இடம் சொல்வேன், ஆனால் ஒன்றைத்தான் தெரிவுசெய்யவேண்டும். எட்டு மணிக்கு ஒரு இடம், பத்துக்கு ஒரு இடம், பன்னிரண்டுக்கு இன்னொன்று என்று திட்டம் போடுகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு ஓட்டோவுக்குள் இருப்பார்கள். நாங்கள் ஒருமுறை கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இருந்தோம். முன்னுக்கும் பஸ், பின்னுக்கும் பஸ், வாணவேடிக்கையின் வெளிச்சம் முன்னால் நின்ற லொறியின் தறப்பாளில் பட்டுப் பட்டு மறைந்தது. அந்த வருடத்தின் வாணவேடிக்கை எங்களுக்கு அவ்வளவுதான்.

முதலாவது இடம் காலிமுகத்திடல், எங்கள் வாயில் கோல்பேஸ். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் உலாவிடமாக அமைத்துக் கொடுத்த கடலோரத் திடல். தெற்கு முனையில் 1864இலிருந்து நிற்கிற கோல்பேஸ் ஹோட்டல், எதிரில் புதிய கட்டடங்கள், வடக்கே துறைமுக நகரம், உள்ளே தள்ளித் தாமரைக் கோபுரம். 2022இல் பொதுமக்களுக்குத் திறந்த அந்தக் கோபுரம் 350 மீற்றர் உயரம், வழி தவறினால் அதைப் பார்த்துத்தான் திசை பிடிப்போம்.

அங்கே போனால் ஒன்பது மணிக்கு முன்னர் போய்விடுங்கள். பிந்தினால் றோட்டுகளை மூடித் திருப்பி விடுவார்கள், நீங்கள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கி நடக்கவேண்டும். தின்பண்ட வண்டிகள் வரிசையாக நிற்கும். இறால் வடையைச் சாப்பிடாமல் வராதீர்கள்: தட்டையான பருப்பு வடையின் மேல் முழு இறால் இரண்டு மூன்று, தலையும் மீசையுமாகப் பதிந்திருக்கும். வண்டிக்காரர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வெங்காயமும் உறைப்புச் சம்பலும் போட்டுத் தருவார். கடற்காற்றில் கடதாசி பறக்கும், சம்பல் சட்டையில் விழும். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், எங்கள் கூட்டத்து நெல்லியடிக்காரன் ஒவ்வொரு வருடமும் வெள்ளைச் சட்டையோடுதான் வருகிறான்.

மேடையும் பாட்டும் இருக்கிற பக்கம் நெரிசல். கடலோரக் கம்பி வேலிப் பக்கம் குடும்பங்கள் பாய் விரித்து இருப்பார்கள், அங்கே போய் இருங்கள். பன்னிரண்டு அடிக்கும்போது வானத்தைப் பார்க்காமல் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் ஊதும். வெடிச் சத்தத்துக்கு அடியால் அது அடிவயிற்றில் வந்து இடிக்கும்.

இரண்டாவது இடம் வெள்ளவத்தை மொட்டைமாடி. ஆறு ஏழு மாடிக்கு மேல் நின்றால் கரையோரம் முழுக்க எல்லாருடைய வாணவேடிக்கையும் ஒரே நேரத்தில் தெரியும், ஒரு சதமும் செலவில்லை. கதிரை, பாய், ஒரு பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி போதும். இப்போது வயது போகப் போக எங்கள் வாக்கு இதற்குத்தான் கூடுகிறது.

பெரிய ஹோட்டல்களில் நடன விருந்துக்கு ரிக்கெற் எடுக்கலாமா?

எடுக்கலாம். நான் எடுக்கமாட்டேன். ஒருமுறை ஒரு மாதச் சம்பளத்தில் காற்பங்கைக் கொடுத்துப் போனோம். சாப்பாட்டு வரிசை சுற்றி வளைத்துக் கழிப்பறை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வரும்போது தட்டில் மிஞ்சியிருந்தது கோவா இலையும் ஒரு எலுமிச்சம்பழத் துண்டும். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவனின் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். வருடத்தில் ஒருமுறை ஏழு பேர் ஒன்றாக இருந்து கதைக்க வந்துவிட்டு, கதைக்க முடியாத இடத்துக்குக் காசு கொடுத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட விருப்பமானவர்கள் போங்கள். ஆனால் ரிக்கெற்றில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு அரை மணித்தியாலம் முன்னர் போங்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு எப்படித் திரும்புவது?

உண்மையான கேள்வி இதுதான். பகலில் காலி வீதியால் 100, 101 இலக்க பஸ்கள் ஓயாமல் ஓடும், கரையோர ரயிலும் உண்டு. நடுச்சாமத்தில் இரண்டையும் நம்பி நிற்காதீர்கள். பிக்மீ, ஊபர் செயலிகளில் கட்டணம் ஏறி நிற்கும், ஏறின கட்டணத்துக்கும் ஓட்டோ வராது, வருகிறவரும் தூரத்தைப் பார்த்துவிட்டு ரத்துச் செய்வார். றோட்டில் மறித்தால் வாயில் வந்த விலை.

எங்கள் வழி நடை. காலிமுகத்திடலிலிருந்து வெள்ளவத்தைக்குச் சுமார் 6 கிலோமீற்றர். கொள்ளுப்பிட்டி தாண்டினதும் கடற்கரைப் பக்கம் இறங்கி மரைன் டிரைவைப் பிடித்தால் நேர் கோடு. வலப் பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். முதல் தடவை வேறு வழியில்லாமல் நடந்தோம், இப்போது அதற்காகவே போகிறோம்.

அந்த முதல் நடையைச் சொல்கிறேன். முறிகண்டிக் கச்சான் பை என் தோளில். ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு, கோதை உடைத்து உடைத்து ஒரு கடதாசிப் பைக்குள் போட்டபடி நடந்தோம். பம்பலப்பிட்டி நிலையத்தடியில் கச்சேரிக்காரி புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், குதிக்காலில் கொப்புளம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாருடைய நடையும் மெதுவானது. எங்களில் கணக்காளனாக இருந்தவன் அதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்: அவனுக்கு கனடா விசா வந்துவிட்டது, மாசியில் போகிறான். சிறிது தூரம் கச்சான் கோது உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மானிப்பாய்க்காரன், "அப்ப உன்ர பங்குக் காசை ஆர்ரா கட்டுறது?" என்றான்.

நடக்க ஏலாதவர்கள் ஒன்று செய்யலாம். ஒன்றரை மணிவரை இருந்த இடத்திலேயே இருங்கள். முதல் அலை வடிந்த பிறகு விலையும் இறங்கும், ஓட்டோவும் வரும். சொந்த வாகனம் கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குத் திருவெம்பாவை விரதம். என்ன செய்வது?

சில வருடங்களில் 31 திருவெம்பாவைப் பத்து நாளுக்குள் வந்து விழும். ஊரில் அந்த நாட்களில் விடியற்காலை சங்கும் சேமக்கலமும் தெருவால் போகும், பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. திருவாதிரைவரை விரதம் காக்கிறவர்களை "கொழும்பில ஆர் பாக்கப்போறாங்கள்" என்று சீண்டாதீர்கள். எங்கள் நெல்லியடிக்காரனுக்கு இது அம்மாவுக்காகப் பிடிக்கிற விரதம். அந்த வருடங்களில் இறால் வடை இல்லை, எல்லாருக்கும் சைவக்கடைத் தோசைதான். அவன் எங்களைச் சாப்பிடச் சொன்னான், நாங்கள்தான் சாப்பிடவில்லை. ஒரு நாளில் ஒருவரும் மெலியவும் இல்லை.

குடி?

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம், கேட்காதீர்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டு, கலண்டரைப் பாருங்கள். திடலில் போத்தலோடு நின்று பொலிஸிடம் பேச்சு வாங்காதீர்கள். குடிக்காத ஒருவரிடம் பொதுக் காசையும் வீட்டுத் திறப்பையும் கொடுங்கள். குடிக்கமாட்டேன் என்கிறவனுக்கு ஊற்றிக் கொடுக்கிறவன் சிநேகிதன் இல்லை. இந்த விசயத்தில் எனக்கு வேறு பேச்சில்லை.

பெண்பிள்ளைகளும் சேர்ந்து போகலாமா? வீட்டில் எப்படிக் கேட்பது?

எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். இதற்குப் பதில் அவர்களையே கேட்டு எழுதுகிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு முதற்கேள்வி யார் யார் போகிறீர்கள் என்பதல்ல, இரவு எங்கே படுப்பாய் என்பது. அதற்குச் சரியான பதில் இருந்தால் பாதி அனுமதி கிடைத்துவிடும். அவர்கள் இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாமி வீட்டில் தங்குவார்கள், மாமியின் இலக்கம் இரண்டு அம்மாமாரிடமும் இருக்கும். காலிமுகத்திடல் நடையென்றால் அன்றைக்கு மட்டும் வெள்ளவத்தையில் மற்றவளின் அக்கா வீடு. பொய் சொல்லிப் போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பொய்க்கு ஆயுள் ஒரு கிழமை, கொழும்பில் யாராவது ஒரு சித்தப்பா உங்களைக் கண்டுவிடுவார்.

நெரிசலில் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், இதை மறைத்து எழுத விருப்பமில்லை. மேடைப் பக்கம் போகாமல் குடும்பங்கள் இருக்கிற கரையில் இருப்பது, தனியாகக் கழிப்பறைக்குப் போகாமல் இரண்டு பேராகப் போவது, ஒருவன் சேட்டை விட்டால் சத்தம் போட்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைப்பது என்று மூன்றையும் அவர்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். கூட வருகிற பெடியளுக்கு அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எங்களுக்குக் காவல் நிக்க வேண்டாம், ஆனா விட்டுட்டும் போகாதைங்கோ." பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக எடுப்பதால் தொலைபேசி இணைப்புத் திணறும். பதினொன்று ஐம்பதுக்கே வீட்டுக்கு எடுத்து வாழ்த்துச் சொல்லிவிடுங்கள். அம்மா படுத்துவிடுவா.

சிங்களம் தெரியாதே?

ஓட்டோவுக்கும் கடைக்கும் அரைகுறையே காணும். வாழ்த்து மட்டும் சரியாகச் சொல்லுங்கள். ஜனவரிக்கு "சுப நவ வசரக் வேவா", சித்திரைக்கு "சுப அலுத் அவுருத்தக் வேவா". நான் முதல் வருடம் ஜனவரியில் சித்திரை வாழ்த்தைச் சொல்ல, பக்கத்துப் பாயில் இருந்த ஆச்சி சிரித்துச் சிரித்து எனக்கு ஒரு துண்டு கேக் தந்தா.

வெளிநாட்டுச் சிநேகிதர்களோடு எப்போது கதைப்பது?

யாழ்ப்பாணத்துக் கூட்டம் என்றால் பாதிப் பேர் வெளியில்தான். எங்கள் நேரப்படி 31 மாலை 6.30க்கு மெல்பேர்னில் புதுவருடம் பிறக்கும். பாரிஸுக்கு எங்கள் விடியற்காலை 4.30, இலண்டனுக்கு 5.30. ரொறன்ரோவுக்கு 1ஆம் திகதி காலை 10.30. கணக்காளன் போன பிறகு எங்கள் கொண்டாட்டம் அந்தப் பத்தரைவரை இழுபடுகிறது. அவன் அங்கே குளிருக்குள் நின்று எடுப்பான், நாங்கள் இங்கே தூங்கி வழிந்துகொண்டு கையசைப்போம்.

இந்த நேரக் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 சித்திரையில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே தீவில் புதுவருடம் அரை மணித்தியால இடைவெளியில் இரண்டு தரம் பிறந்தது. கலியாண அழைப்பிதழில்கூட "புதிய நேரம்" "பழைய நேரம்" என்று போட்ட காலம் அது.

எவ்வளவு காசு வேண்டும்?

விலை வருடா வருடம் மாறுகிறது, தொகை சொல்லிப் பயனில்லை. ஆவணி தொடக்கம் மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஒருவரிடம் சேருங்கள். போக்குவரத்து, அறை, சாப்பாடு பொதுக் காசில். மற்றதெல்லாம் அவரவர் பையில். சம்பளம் இல்லாத ஒருவர் இருந்தால் அவருடைய பங்கை மற்றவர்கள் சத்தமில்லாமல் போடுங்கள்.

1ஆம் திகதி காலை என்ன செய்வது?

எழும்ப ஏலுமென்றால் குளித்துவிட்டுக் கோயில். வெள்ளவத்தையில் மயூரபதி அம்மன், பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில்கள் இரண்டும் கிட்ட. சனம் நிறைய நிற்கும், அர்ச்சனைக்கு வரிசை.

எங்களுக்கு அதைவிட முந்தி ஒன்று நடக்கும். மானிப்பாய்க்காரனின் கீழ்வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். 1ஆம் திகதி விடிய அந்த வீட்டு அம்மா பாற்சோறு ஆக்கி, சாய்சதுரமாக வெட்டி, மேலே வாழையிலை மூடி, பக்கத்தில் கட்டச் சம்பலோடு ஒரு தட்டு அனுப்புவா. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஆகவே ஊரிலிருந்து போகும்போதே பனங்கட்டிக் குட்டான் (ஓலைப்பெட்டியில் வைத்த பனைவெல்லம்) நாலைந்து கொண்டுபோவோம். நித்திரையில்லாத கண்ணும் பாற்சோற்றின் சூடும் உறைப்பும். அதன்பிறகு பத்தரைவரை எங்களை எழுப்ப ஒருவராலும் ஏலாது.

சித்திரைப் புதுவருடத்துக்கும் இப்படிக் கொழும்பில் நிற்கலாமா?

வேண்டாம். சித்திரையில் கொழும்பு காலியாகிவிடும். கடைகள் நாட்கணக்கில் பூட்டு, சாப்பாட்டுக்கே அலையவேண்டும். அது ஊருக்குரிய புதுவருடம். மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, பஞ்சாங்கம் சொல்கிற நிறத்தில் உடுத்து, அம்மப்பாவிடம் கைவிசேடக் காசு வாங்கி, பின்னேரம் போர்த்தேங்காய் அடிக்கிற இடத்துக்குப் போகவேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் வருடப்பிறப்பு நேரம் வேறுபட்டால் எந்த வீட்டில் எது என்று முதலே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா வாக்கியம், அம்மா வீட்டார் திருக்கணிதம். கைவிசேடத்துக்கு இரண்டு புண்ணியகாலத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசி நேரத்தில் "நான் வரேல்லை" என்கிறவனை என்ன செய்வது?

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். பங்குக் காசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அவனுடைய ரயில் ஆசனத்தை வேறு ஆளுக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் நெல்லியடிக்காரன் ஒருமுறை 30ஆம் திகதி பின்னேரம், மழை, வேலை, தலையிடி என்று மூன்று காரணம் சொன்னான். சரியென்று வைத்துவிட்டோம். 31 காலை யாழ்ப்பாண நிலையத்தில் பெட்டிக்குள் ஏறினால், யன்னலோர ஆசனத்தில், வெள்ளைச் சட்டையோடு அவன் முதலே இருக்கிறான்.